மனிதத் தேவைகளுக்கு வரிசை உண்டா? பசி தீர்ந்த பிறகுதான் மதிப்பா?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். முதியோர் இல்லங்களுக்கு நிதி திரட்டித் தரும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். எங்கள் கூட்டங்களில் ஒவ்வொரு முறையும் ஒரே முட்டுக்கட்டை. உணவு, மருந்து, படுக்கை என்று கேட்டால் பணம் உடனே கிடைக்கிறது. வாசிக்க வெளிச்சமான ஓர் அறை, பேச்சுத்துணைக்கு ஆள், முதியவர்களே பார்த்துக்கொள்ள ஒரு சிறு தோட்டம் என்று கேட்டால், "முதலில் அடிப்படைத் தேவை முடியட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். ஏன் என்றால் அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவின் பெயரில் வழங்கும் தேவைப் பிரமிடைக் காட்டுகிறார்கள். அடியில் உடலின் தேவைகள், அதற்கு மேல் பாதுகாப்பு, பிறகு அன்பும் உறவும், பிறகு மதிப்பு, உச்சியில் தன் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்துதல். கீழ்ப்படி நிறையாமல் யாரும் மேல்படியில் கால் வைப்பதில்லை என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் சொல்லும் அந்தப் "பிறகு" ஒருபோதும் வருவதில்லை. உணவுச் செலவு என்றைக்கு முடியும்? உளவியல் படித்தவர்களும் களத்தில் வேலை செய்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இந்த வரிசை நிரூபிக்கப்பட்ட ஒன்றா, அல்லது எல்லோரும் சொல்வதால் நிலைத்துவிட்டதா?


கணக்கன்:

வரிசை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று பெரியவர்கள் பட்டறிந்து சொன்னார்கள். ஆய்வும் அதையேதான் சொல்கிறது.

1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் தொடங்கிய பட்டினி ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். உடலாலும் மனதாலும் நலமாக இருந்த 36 இளைஞர்கள். 24 வாரங்களுக்கு அரைப்பட்டினி. ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரிதான். அதோடு வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது. ஆனால் என்னை உலுக்கியது எடைக் கணக்கு அல்ல, அவர்கள் மனம் போன போக்கு. படிப்பில் நாட்டம் போயிற்று. சிரிப்பு போயிற்று. காம உணர்வு மங்கிவிட்டது. ஒருவரோடு ஒருவர் பேசுவதைக் கூடக் குறைத்துக்கொண்டார்கள். நாள் முழுவதும் உணவைப் பற்றிய நினைப்பு, கனவிலும் உணவு, கையில் சமையல் புத்தகம். தட்டில் இருந்ததைத் துளித்துளியாக நீட்டி நீட்டிச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் தட்டையும் நக்கினார்கள்.

உறவு, மதிப்பு, இலட்சியம் எல்லாம் வயிறு நிறைந்த பின் வரும் பேச்சு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உங்கள் குழுவினர் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. இருக்கிற பணத்தில் முதலில் உயிரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.


தாழை:

அந்த 36 பேரும் யார் என்பதைக் கணக்கன் சொல்லவில்லை. கொலை செய்யமாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் போர்க்களத்துக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று மருத்துவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, தாங்களாகவே முன்வந்து பட்டினியை ஏற்றவர்கள். "உயர்" தேவை என்று நீங்கள் உச்சியில் வைக்கிற ஒன்று அவர்களைப் பட்டினிக்குள் அழைத்துப் போயிற்று. எலும்பும் தோலுமான பிறகும் பெரும்பாலோர் விட்டுப் போகவில்லை. பசி அவர்கள் மனத்தைச் சுருக்கியது உண்மை. அவர்கள் கொள்கையை அது அழிக்கவில்லையே!


இரவுப்பணி:

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக முதியோர் பராமரிப்பில் செவிலியாக இருக்கிறேன். நெடுவழி கேட்டது என் அன்றாட வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கைநடுக்கம் உண்டு. மற்றபடி தெளிவானவர், இளமையில் கடிகாரம் பழுதுபார்த்தவர். வந்த புதிதில் ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் வாயைத் திறக்கவே மறுத்துவிட்டார். எடை இறங்கியது. மருத்துவர் வந்து பார்த்தார், விழுங்குவதில் கோளாறு இல்லை. பசியைத் தூண்ட மருந்து எழுதினார், பயன் இல்லை. "ஞாபகமறதி தொடங்கிவிட்டது போலிருக்கிறது" என்று குறிப்பேட்டில் யாரோ எழுதினார்கள். அது பகல் ஊழியர்களின் குறிப்பு.

பகல் உணவு வேளையில் ஒரு நாள் அங்கே நின்று பார்த்தேன். ஓர் ஊழியருக்கு எட்டுப் பேர் பொறுப்பு. பெரியவர் தானே சாப்பிட்டால் பாதி சிந்தும், நேரமும் ஆகும். அதனால் அந்தப் பெண் அவர் எதிரில் நின்றுகொண்டே கரண்டியை அவர் வாயில் வைத்தாள். கண் அடுத்தவரின் தட்டில் இருந்தது. அவர் விழுங்கும் முன்பே அடுத்த வாய் தயாராக இருந்தது. அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டுப் பேருக்கு அரை மணி நேரத்தில் ஊட்டி முடிக்க வேண்டும் என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

கரண்டியின் கைப்பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கி, அடியில் வழுக்காத விரிப்பு போட்டு, தட்டை அவர் முன் வைத்தோம். யாரும் ஊட்டவில்லை. முதலில் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றியிருந்த துணியைப் பிரித்து, இன்னும் இறுக்கமாகத் தானே சுற்றிக்கொண்டார். பிறகு சாப்பிட்டார். மேசை எல்லாம் சிந்தியது. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் வெகுநேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் எடை கூடியிருந்தது.

கணக்கன் ஐயா, இதில் எது கீழ்ப்படி, எது மேல்படி? உணவு எதிரிலேயே இருந்தது. மதிப்பு போனதால் உணவு உள்ளே இறங்கவில்லை. ஒரு மனிதருக்குள் இவை தனித்தனி அறைகளில் குடியிருப்பதில்லை.


வேர்முனை:

இரவுப்பணி அக்காவின் பதிவைச் சேமித்து வைத்துக்கொண்டேன். ஒரு கேள்வி: மாஸ்லோ உண்மையிலேயே "கீழே நிறையாமல் மேலே கிடையாது" என்று எழுதினாரா? எங்கள் பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.


பழைய ஆசிரியர்:

உளவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் வேர்முனைக்குப் பதில் சொல்கிறேன். மாஸ்லோ அப்படி எழுதவில்லை.

அவர் இந்தக் கருத்தை முன்வைத்தது 1943-ல், சைக்கலாஜிகல் ரிவ்யூ இதழில் வந்த ஒரு கட்டுரையில். அதில் பிரமிடு கிடையாது. தேவைகளுக்கு ஒரு முந்துரிமை ஒழுங்கு உண்டு என்கிறார், அது உண்மைதான். ஆனால் அதே கட்டுரையில், தான் சொல்வது கேட்பவர்களுக்குத் தோன்றும் அளவுக்கு இறுக்கமான ஒழுங்கு அல்ல என்றும் சொல்லிவிடுகிறார். விதிவிலக்குகளையும் வரிசையாகத் தருகிறார்: அன்பைவிட மதிப்பை முன்னால் வைப்பவர்கள், படைப்பு வேட்கை மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும் மனிதர்கள், கொள்கைக்காக எல்லாவற்றையும் துறப்பவர்கள். ஒரே செயலுக்குப் பின்னால் பல தேவைகள் சேர்ந்து இயங்கலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது.

ஒரு தேவை முழுதாக நிறைந்தால்தான் அடுத்தது தலைகாட்டும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு விளக்கமும் தருகிறார். சராசரி மனிதன் ஒருவனை எடுத்துக்கொண்டால், உடல் தேவைகளில் 85 விழுக்காடு, பாதுகாப்பில் 70, அன்பில் 50, சுயமதிப்பில் 40, தன் ஆற்றலை வெளிப்படுத்துவதில் 10 விழுக்காடு நிறைந்திருக்கலாம் என்கிறார். இவை அளந்து கண்ட எண்கள் அல்ல, விளக்கத்துக்காகத் தானாக வைத்துக்கொண்ட எண்கள் என்று அவரே சொல்கிறார். சொல்ல வந்தது இதுதான்: எல்லாத் தேவையும் ஒரே நேரத்தில் பாதி நிறைந்தும் பாதி நிறையாமலும் இருக்கின்றன. படிக்கட்டு என்ற எண்ணத்துக்கு இது நேர் எதிர்.

பிரமிடு எங்கிருந்து வந்தது? மேலாண்மைத் துறையிலிருந்து. 1960-ல் சார்லஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசகர் வணிக இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் அந்தப் படம் வந்தது. ஊழியரை எப்படிக் குறைந்த செலவில் ஊக்கப்படுத்துவது என்பது அங்கே பேச்சு. அதன் பிறகு பாடப் புத்தகம் தவறாமல் அந்த முக்கோணம் குடியேறிவிட்டது. முக்கோணத்தைப் பார்த்தவுடன் அடித்தளம் அகலம், உச்சி குறுகல், உச்சிக்குச் சிலர் மட்டுமே போவார்கள் என்று மனம் தானாகப் படித்துக்கொள்கிறது. நெடுவழியின் குழு சண்டை போடுவது அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான்.


கணக்கன்:

ஐயா, படத்தை யார் வரைந்தால் என்ன? கருத்து சரியா என்பதுதான் கேள்வி.


பழைய ஆசிரியர்:

நியாயமான கேள்வி. வரிசைக்கு ஆதரவு மிகக் குறைவு. 1976-ல் வாபா, பிரிட்வெல் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒன்று நிறைந்தபின் அடுத்தது என்ற ஒழுங்குக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

2011-ல் லூயிஸ் டே, எட் டீனர் செய்தது இன்னும் பெரியது. 123 நாடுகளில், 2005 முதல் 2010 வரை கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் திரட்டிய பதில்கள். உணவும் உறைவிடமும், பாதுகாப்பு, உறவு, மதிப்பு, திறமையுணர்வு, தன் விருப்பப்படி நடக்கும் உரிமை ஆகிய ஆறும் எல்லாப் பகுதிகளிலும் மனிதர்களின் நலவாழ்வோடு தொடர்புகொண்டிருந்தன. அதாவது இந்தத் தேவைகள் பொதுவானவை என்ற வகையில் மாஸ்லோ வென்றார். வரிசையில் தோற்றார். அடிப்படைத் தேவைகள் முழுதாக நிறையாத மனிதருக்கும் நல்ல உறவு மகிழ்ச்சி தந்தது, மதிப்பு நிறைவு தந்தது. வயிறு நிறையும்வரை அவை காத்திருக்கவில்லை.

இன்னொன்றும் அதில் உண்டு, பலர் கவனிக்காமல் விடுவது. வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஒருவரிடம் கேட்டால், அவர் தேவை நிறைந்ததா என்பது மட்டும் பதிலைத் தீர்மானிக்கவில்லை. அதே நாட்டில் மற்றவர்களின் தேவைகள் நிறைந்திருக்கின்றனவா என்பதும் சேர்ந்துகொண்டது.


நீர்வழி:

மாஸ்லோ இந்தக் கருத்தையே பிளாக்ஃபுட் பழங்குடியினரிடமிருந்து எடுத்துக்கொண்டு தலைகீழாக்கிவிட்டார் என்று படித்தேன். அது உண்மையா?


பழைய ஆசிரியர்:

1938 கோடையில் அவர் கனடாவில் பிளாக்ஃபுட் பழங்குடியின் ஒரு பிரிவான சிக்சிகா மக்களிடம் தங்கி ஆய்வு செய்தது உண்மை. அவர்களிடையே கண்ட பெருந்தன்மையும் பாதுகாப்புணர்வும் அவரை ஆழமாகப் பாதித்தன, அதுவும் உண்மை. பிரமிடை அங்கிருந்து எடுத்தார் என்பதற்கு அடிப்படை இல்லை. பிரமிடே அவருடையது இல்லையே.


தாழை:

நான் படிப்பாளி இல்லை. வேலை போய் ஓர் ஆண்டுக்கும் மேலாக வீட்டில் இருந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எனக்கு வெளியிலிருந்து வந்த அறிவுரை முழுவதும் செலவைப் பற்றியது. "கைப்பேசிக்கு எதற்குப் பணம் கட்டுகிறாய், அதை உணவுக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். அவர் கண்ணில் கைப்பேசி ஆடம்பரம். எனக்கோ, வேலைக்கு அழைப்பு வந்தால் எடுக்க வேண்டியது அது. பழைய தோழி வாரம் ஒருமுறை பேசுவதும் அதில்தான். அந்த ஒரு குரல் இல்லாமல் போயிருந்தால் நான் விண்ணப்பம் எழுதுவதை நிறுத்தியிருப்பேன். எழுதுவதை நிறுத்தியிருந்தால் வேலை கிடைத்திருக்காது. அப்படிப் பார்த்தால் என் உணவுக்கு வழி செய்தது எது?

மாலை ஆனால் வீட்டை விட்டு வெளியே போவதை நிறுத்திவிட்டேன். "இப்போது என்ன செய்கிறாய்?" என்ற கேள்விக்குப் பயந்து. அது பசியைவிட அதிகமாக என்னைத் தின்றது. ஏழ்மையில் இருப்பவர்களுக்கு வெட்கம் என்பது மேல்படிச் சமாச்சாரம் என்று சொல்பவர்கள் ஒரு நிவாரண வரிசையில் தெரிந்தவர்கள் பார்வையில் நின்று பார்க்க வேண்டும்.


வேர்முனை:

தாழை சொல்வதை மான்ஃப்ரெட் மாக்ஸ்-நீஃப் கோட்பாடாகவே எழுதியிருக்கிறார். சிலி நாட்டுப் பொருளியலாளர். தேவைகள் ஒன்பது என்கிறார்: பிழைத்திருத்தல், பாதுகாப்பு, பாசம், புரிதல், பங்கேற்பு, ஓய்வு, படைப்பு, அடையாளம், சுதந்திரம். வெறும் உயிர்வாழ்தல் ஒன்றுதான் முந்திக்கொள்ளும். மற்றவற்றுக்கு மேல் கீழ் கிடையாது. அவர் செய்த பெரிய காரியம், தேவையையும் அதை நிறைவேற்றும் வழியையும் பிரித்துக் காட்டியது. உணவு ஒரு வழி, பிழைத்திருத்தல் தேவை. தாய்ப்பால் கொடுக்கும்போது பிழைப்பு, பாதுகாப்பு, பாசம், அடையாளம் எல்லாம் ஒரே செயலில் நிறைகின்றன. அதே குழந்தைக்குப் புட்டியில் பால் வைத்துவிட்டு ஒருவர் போய்விட்டால் ஒன்று மட்டும் நிறைகிறது.

தாழையின் கைப்பேசி, இரவுப்பணி அக்காவின் கரண்டி இரண்டுமே பல தேவைகளை ஒருசேர நிறைவேற்றிய வழிகள் என்று தோன்றுகிறது.


கணக்கன்:

தாழை எழுதியதை மறுக்க எனக்கு மனம் இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். இல்லாமை மனத்தின் இடத்தையே அடைத்துக்கொள்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2013-ல் சயன்ஸ் இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ வெளியிட்ட ஆய்வு. கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பு கையில் பணம் இல்லாத வேளையிலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் சோதித்தார்கள். அதே மனிதர்கள், அதே வகைப் புதிர்கள். பணமுடை இருந்தபோது தடுமாறினார்கள், பணம் வந்தபின் தெளிவாகச் செய்தார்கள். அறிவு கூடிக் குறையவில்லை. கவலை கவனத்தைத் தின்றது.

இப்படிப்பட்டவருக்கு முதலில் பணக்கவலையைத் தீர்த்தால் மற்றது தானாக வரும் என்பதுதானே முறை?


இரவுப்பணி:

"மற்றது தானாக வரும்" என்ற இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. தானாக வரவில்லை என்பதற்குக் குழந்தைகளே சாட்சி.

1940-களில் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் இரண்டு இடங்களில் இருந்த கைக்குழந்தைகளை ஒப்பிட்டார். ஒன்று கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். சுத்தம் குறைவில்லை, உணவு குறைவில்லை, மருத்துவரும் வருவார். ஆனால் ஒரு செவிலிக்குப் பல குழந்தைகள். கட்டிலின் பக்கங்களில் துணி தொங்கவிடப்பட்டிருந்ததால் குழந்தைகள் கண்டது கூரையைத்தான். மற்றொன்று பெண்கள் சிறையில் இருந்த குழந்தைகள் காப்பகம். அங்கே தாய்மாரே குழந்தைகளை எடுத்துக் கொஞ்சி வளர்த்தார்கள். சிறைக் குழந்தைகள் ஓடியாடி வளர்ந்தன. இல்லத்துக் குழந்தைகள் எடை கூடாமல், பேச்சு வராமல், நோய்க்கு எளிதில் இரையாயின. பல குழந்தைகள் இறந்தே போயின. ஸ்பிட்ஸின் ஆய்வுமுறையில் ஓட்டைகள் உண்டு என்று பின்னாளில் விமரிசனம் வந்தது.

அதனால் ருமேனிய ஆய்வைச் சொல்கிறேன். 2000-ல் புகாரெஸ்டில் தொடங்கியது. அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மற்றவர்களைவிட மேலாக இருந்தது. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம் அந்த முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. உணவும் கூரையும் இரு தரப்புக்கும் இருந்தன. தாமதமானவர்களுக்குச் சில இழப்புகள் ஈடாகவே இல்லை. "பிறகு பார்க்கலாம்" என்பதற்கு ஒரு குழந்தையின் மூளையில் இடம் கிடையாது.

மாஸ்லோவின் ஆசிரியர் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளிடம் கண்டதும் இதுவே. கம்பியால் செய்த பொம்மைத் தாயிடம் பால் புட்டி. துணி போர்த்திய பொம்மைத் தாயிடம் பால் இல்லை. குட்டிகள் பால் குடிக்க மட்டும் கம்பியிடம் போய்விட்டு, நாளின் பெரும்பகுதியைத் துணியைக் கட்டிக்கொண்டு கழித்தன. அந்தச் சோதனைகள் கொடுமையானவை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பால் கொடுப்பவரிடம்தான் பாசம் வரும் என்று அதுவரை ஓங்கி ஒலித்த கோட்பாடு அதோடு சரிந்தது.


நீர்வழி:

பெரியவர்களிடமும் அப்படித்தானா? குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடும் விஷயமா?


வேர்முனை:

2020-ல் லிவியா டொமோவா, ரெபெக்கா சாக்ஸ் குழு செய்த ஆய்வு இருக்கிறது. 40 பேர். ஒவ்வொருவரும் ஒரு நாள் பத்து மணி நேரம் உண்ணாமல் இருந்தார்கள். வேறொரு நாள் பத்து மணி நேரம் மனிதத் தொடர்பே இல்லாமல், சமூக ஊடகம் கூட இல்லாமல் தனியாக இருந்தார்கள். பிறகு மூளை ஸ்கேன். பசித்தவர்களுக்கு உணவுப் படத்தைக் காட்டியபோது நடுமூளையில் எந்தப் பகுதி துடித்ததோ, தனித்திருந்தவர்களுக்கு மனிதர்கள் கூடிச் சிரிக்கும் படத்தைக் காட்டியபோது அதே பகுதி அதே விதமாகத் துடித்தது. துணைக்கு ஏங்குவதும் உணவுக்கு ஏங்குவதும் மூளைக்கு அவ்வளவு நெருக்கம். பத்தே மணி நேரத்தில்.

அப்படியிருக்க, ஒன்றை அடியிலும் மற்றதை மூன்றாம் படியிலும் வைப்பது எனக்குப் பொருந்தவில்லை.


மணல்மேடு:

எல்லாம் சரி, ஆன்மிகத்தில் ஆழ்ந்தவனுக்கு இந்தத் தேவைகள் எதுவுமே கிடையாது. எல்லாவற்றையும் கடந்த நிலை பற்றிப் பேசாமல் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.


நெறியாளர்:

ஆன்மிக விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே உளவியல் மட்டும்.


பழைய ஆசிரியர்:

நெறியாளர் அனுமதித்தால் உளவியல் எல்லைக்குள் நின்றே மணல்மேட்டுக்கு ஒரு வார்த்தை. மாஸ்லோ தன் கடைசி ஆண்டுகளில், தன்னைக் கடந்து பிறருக்காக, பெரிய ஒன்றுக்காக வாழும் நிலையைப் பற்றி எழுதினார். 1970-ல் இறந்துவிட்டதால் அது முழு வடிவம் பெறவில்லை. நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் மீண்ட உளநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் இதையே வேறு திசையிலிருந்து சொன்னார். வதைமுகாம்களின் பட்டினியில், உடல் தேவை ஒன்றுகூட நிறையாத இடத்தில், பொருள் தேடும் வேட்கை மனிதரிடம் உயிரோடு இருந்ததை அவர் நேரில் கண்டவர். ஆனால் இதைக் கவனமாகக் கையாள வேண்டும். பட்டினியிலும் பொருள் காணலாம் என்பதை, பட்டினி போட்டாலும் பரவாயில்லை என்று யாரும் படித்துக்கொள்ளக் கூடாது. ஃபிராங்கலே, தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்ப்பதுதான் முறை என்று சொன்னவர்.

உச்சிப்படியைப் பற்றி ஒரு குறை எனக்கு எப்போதும் உண்டு. தன் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தியவர்கள் என்று மாஸ்லோ தேர்ந்தெடுத்தவர்கள் லிங்கன், ஐன்ஸ்டீன், எலினார் ரூசவெல்ட் போன்றவர்கள். அவரே வியந்தவர்களை அவரே தேர்ந்து, அவர்களின் குணங்களைப் பொது இலக்கணமாக்கினார். துணியைப் பிரித்துத் தானே இறுக்கமாகச் சுற்றிக்கொண்ட அந்தக் கடிகாரக்காரருக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

எனக்கு நிறைவு தந்த கோட்பாடு டெசி, ரயன் என்ற இரு உளவியலாளர்களுடையது. மூன்றே தேவைகள்: தன் செயலைத் தானே தீர்மானித்தல், செய்வதில் திறமை உணர்தல், பிறரோடு பிணைந்திருத்தல். மேல் கீழ் இல்லை. செடிக்கு வெயிலும் நீரும் மண்ணும் போல, ஒன்று குறைந்தாலும் வாட்டம் தெரியும். வகுப்பறையில் இதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். 1973-ல் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட மழலையரில் சிலரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சான்றிதழ் கொடுத்த பிறகு, யாரும் கேட்காத வேளையில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. தானாகச் செய்ததைக் கூலிக்குச் செய்வதாக மாற்றிவிட்டோம். என் மாணவர்களில் படிப்பை வெறுத்தவர்கள் பலர் பசித்து வந்தவர்கள் இல்லை. வகுப்பில் எதையும் தாங்களே தீர்மானிக்க வழியில்லாதவர்கள்.


கணக்கன்:

பசித்து வந்த மாணவர்களும் இருந்திருப்பார்களே ஐயா?


பழைய ஆசிரியர்:

இருந்தார்கள். அவர்களுக்கு உணவு கொடுக்காமல் பாடம் நடத்துவது பாவம். கொடுத்த விதத்தில்தான் வேறுபாடு. பெயர் சொல்லி எழுப்பி நிறுத்திக் கொடுத்தபோது சில பிள்ளைகள் பசிக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுத்தபோது அதே பிள்ளைகள் வயிறார உண்டார்கள்.


நெடுவழி:

இவ்வளவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கணக்கன் ஐயாவின் கேள்வியும் எனக்கு வேண்டும், ஏனென்றால் என் குழு அதைத்தான் கேட்கும். பணம் அளவானது. உணவா, தோட்டமா என்று வந்தால் நான் என்ன சொல்வது?


கணக்கன்:

என் நிலை இதுதான். வெள்ளம், போர், கொள்ளைநோய் என்று வந்தால் முதல் நாட்களில் நீர், உணவு, மருந்து, கூரை. அதில் விவாதமே வேண்டாம். மாஸ்லோவும் அத்தகைய நெருக்கடி வழக்கமான வாழ்வில் அரிது என்றுதான் எழுதியிருக்கிறார் என்பதை இந்த இழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். ஓர் இல்லத்தில் ஆண்டுக்கணக்காக வாழ்பவரிடம் நெருக்கடிக் கால விதியைப் பயன்படுத்துவது பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் பணம் தரும் நான், எடை கூடியதா, நோய் குறைந்ததா என்று அளந்து பார்க்கிறேன். மதிப்பை எப்படி அளப்பது? அளக்க முடியாததற்கு நிதி ஒதுக்கினால் அது வீண்செலவாவதற்கே வாய்ப்பு அதிகம்.


இரவுப்பணி:

அளக்கலாம். அதற்குப் பெரும்பாலும் பணமும் தேவைப்படாது. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் 1976-ல் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது எளிய காரியம். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த இரவு படம் பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். ஒரு செடியைத் தாங்களே தேர்ந்து வளர்க்கச் சொன்னார்கள். மற்றொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள், ஆனால் ஊழியர்களே நீர் ஊற்றினார்கள். சில வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். செலவு இரண்டு தளத்துக்கும் ஒன்றுதான்.

அதனால் உணவா தோட்டமா என்ற கேள்வியையே குழுவிடம் எடுத்துப் போகாதீர்கள், நெடுவழி. உணவு வேளையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். யார் தானே சாப்பிட முடியும், யாருக்குத் தடித்த கைப்பிடி போதும், யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார விரும்புகிறார்கள், குளியல் காலையிலா மாலையிலா என்பதை அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஊழியர் எண்ணிக்கை மட்டும் உண்மையான செலவு. ஓர் ஆளுக்கு எட்டுப் பேர் என்றால் நான் சொன்னது எதுவும் நடக்காது, அந்தப் பணத்துக்கு நீங்கள் போராடத்தான் வேண்டும்.

கணக்கன் ஐயாவுக்கு அளவுகோல்: எடைக் குறிப்பேட்டிலேயே இன்னொரு பத்தி சேருங்கள். "இந்த வாரம் நீங்களே முடிவு செய்தது என்ன?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள். ஆம், இல்லை என்று பதில் வாங்க வேண்டாம். எதை என்று எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து எந்தப் பெயர்களுக்கு எதிரே அந்தப் பத்தி காலியாக இருக்கிறது என்று பார்த்து, அவர்களின் எடையோடு ஒப்பிடுங்கள்.


கணக்கன்:

அந்தப் படிவத்தை நீங்கள் எழுதித் தந்தால், நான் உதவும் இல்லத்திலும் வைக்கிறேன். கேள்வியை ஊழியர்கள் கேட்க வேண்டுமா, வெளியாள் கேட்க வேண்டுமா?


இரவுப்பணி:

வெளியாள். ஊழியர் கேட்டால், குறை சொன்னதாகிவிடுமோ என்று பயந்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள். நாளைக்குள் எழுதி இங்கேயே போடுகிறேன்.